வெற்றுக் கூட்டின் வரலாறு



கல்கத்தாவில் வாழும் தமிழர்களுக்கு டம்டம் என்னும் பெயர் புதியதன்று. விமானத்தில் வந்து இறங்குவோர்க்கு அது விமான நிலையம். மின்சார ரயிலில் அலுவலகம் செல்வோர்க்கு அது கூட்டம் மிகுந்த சந்திப்பு நிலையம். புனே நகரில் வாழ்வோர்க்கு, முன்னாளில் கிர்க்கி என்று வழங்கிய கட்கி அதுபோலவே பழகிய பெயர். ஊருக்குத் திரும்பும் விடுமுறையில் நீலகிரி மலை ரயிலில் உதகைக்குச் சென்றவர்கள், குன்னூரையும் வெல்லிங்டனையும் கடந்ததும் அருவங்காடு என்ற சிறு நிலையத்தைக் கண்டிருப்பார்கள். ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவிலுள்ள இம்மூன்று ஊர்களையும் வரலாற்றில் பிணைத்து வைத்த பொருள் ஒன்று உண்டு. அது விரல் நீளமே உள்ள துப்பாக்கித் தோட்டா.

அமெரிக்காவில் குடியேறிய என் உறவினர் ஒருவரின் மகன், சில திங்களுக்கு முன் ஒரு கடிதம் எழுதியிருந்தான். குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் அவனுக்கு ஈடுபாடு. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டில் புதிதாக மருந்திட்டு, மீண்டும் தோட்டா ஆக்கும் அழுத்துபொறி ஒன்றை வாங்க எண்ணுவதாகவும், கடையில் பலவகைப் பொறிகளைக் கண்டு மயங்கியதாகவும், தொடக்க நிலையில் உள்ளவன் எதைத் தேர்வது என்றும் கேட்டிருந்தான். சிறிய வினாத்தான். ஆயினும் அதற்கு விடை கூறப் புகுந்தபோது, வணிகர்களின் விலைப்பட்டியலைக் காட்டிலும் வரலாறே எனக்குத் துணை செய்தது. அந்த வரலாற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இன்றைய தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: முன்னே செல்லும் குண்டு, அதைத் தள்ளும் மருந்து, மருந்துக்குத் தீ மூட்டும் சிறு குப்பியாகிய பிரைமர், இம்மூன்றையும் ஒன்றாகத் தாங்கும் பித்தளைக் கூடு. சுட்டவுடன் முதல் மூன்றும் செலவாகிவிடுகின்றன. கூடு மட்டும் வெறுமையாய்க் காலடியில் விழுகிறது. பெரும்பாலும் விலை மிகுந்த உறுப்பும் அதுவே. அதை எறிந்துவிடாமல் மீண்டும் நிரப்பலாம் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே இந்தக் கைத்தொழில்.

கூடு என்பதே இல்லாத காலமும் இருந்தது. பழைய துப்பாக்கிகளில் குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் குத்தி இறுக்க வேண்டும். போர்க்களத்தில் மருந்தை அளந்து கொட்ட நேரம் ஏது? எனவே, ஒரு முறை சுடுவதற்குரிய மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிப் பொட்டலமாக்கி வீரனிடம் கொடுத்தார்கள். அவன் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டுவான். இதுவே முதல் தோட்டா. அந்த மருந்தின் தலையாய பொருள் வெடியுப்பு. பீகார் நிலத்தில் உப்புக் காய்ச்சுவோர் திரட்டிய வெடியுப்பு பாட்னாவிலிருந்து கப்பலேறி ஐரோப்பியப் போர்களுக்கெல்லாம் சென்றது. கிழக்கிந்தியக் கும்பினியின் வாணிபத்தில் அது முதன்மையான சரக்குகளுள் ஒன்று.

இந்தக் காகிதத் தோட்டாவே 1857-ஆம் ஆண்டில் ஒரு பேரரசை உலுக்கியது. அவ்வாண்டில் கும்பினிப் படைக்குப் புதிய என்ஃபீல்டு துப்பாக்கி வந்தது. அதன் குழலின் உட்புறத்தில் சுழல் வரிப் பள்ளங்கள் இருந்தமையால், குண்டு வழுக்கி இறங்குவதற்குத் தோட்டாவின் மேல் கொழுப்புத் தடவப்பட்டது. டம்டமில் இருந்த பயிற்சி நிலையத்தில், ஜனவரித் திங்களில், படைக்கலச் சாலையின் தொழிலாளி ஒருவன் சிப்பாய் ஒருவரிடம் அவர் செம்பிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான் என்றும், சாதியைக் காரணம் காட்டி அவர் மறுத்தபோது, பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கும்போது உம் சாதி எங்கே நிற்கும் என்று அவன் வினவினான் என்றும் அக்காலத்து ஆவணங்கள் கூறுகின்றன. அந்தச் செய்தி தீப்போலப் பரவியது. கொழுப்பு எந்த விலங்கினது என்று உறுதி செய்ய அதிகாரிகள் முன்னெச்சரிக்கை எதுவும் எடுத்திருக்கவில்லை என்பது பின்னர் வெளியாயிற்று.

அரசாங்கம் விரைந்து விதிகளை மாற்றியது. பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றது. சிப்பாய்களே தமக்கு ஒத்த நெய்யைத் தடவிக்கொள்ளலாம் என்றது. ஆயினும் நம்பிக்கை போய்விட்டது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார்; ஏப்ரல் 8 அன்று தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் மூன்றாம் குதிரைப் படையின் வீரர் தொண்ணூற்றுவருள் எண்பத்தைவர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்கள் முன் வைக்கப்பட்டவை புதிய கொழுப்புத் தோட்டாக்கள் அல்ல; நெடுநாள் கையாண்ட பழைய தோட்டாக்களே. மே 9 அன்று அவர்களுக்கு அணிவகுப்பின் நடுவே விலங்கு பூட்டினர். மறுநாள் மீரட் பற்றி எரிந்தது. தோட்டாவில் என்ன இருக்கிறது என்பதை அதைக் கையாளும் வீரன் அறியான். செய்தவன் மட்டுமே அறிவான். அன்றைய கலக்கத்தின் வேர்களுள் ஒன்று இது.

கிளர்ச்சி அடங்கியபின் ஆங்கில ஆட்சி கற்றுக்கொண்ட பாடம் வேறு. பீரங்கிப் படை பெரும்பாலும் வெள்ளையர் கையில் வைக்கப்பட்டது. வெள்ளைச் சிப்பாய்க்குப் புதிய துப்பாக்கி வந்தால், இந்தியச் சிப்பாய்க்கு அதற்கு முந்திய வகையே கிடைத்தது. 1869-இல் கிர்க்கியில் வெடிபொருள் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம், ஐரோப்பியருக்கு விலக்கு. இந்த வேறுபாடு மக்கள் மனத்தைச் சுட்டது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலேயே அச்சட்டத்தை எதிர்த்துக் குரல் எழுந்தது. இளைஞராயிருந்த விபின சந்திர பாலர் அங்கு அதைப் பற்றி உரையாற்றினார்.

நிற்க. காகிதம் எவ்வாறு பித்தளையாயிற்று என்பதைப் பார்ப்போம். ஸ்காத்லாந்தில் அலெக்சாந்தர் ஃபோர்சைத் என்ற பாதிரியார் ஒருவர் இருந்தார், வேட்டைப் பிரியர். அக்காலத்துத் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் பொறி தட்டியதும் வெளியே ஒரு சுடர் தோன்றும். குண்டு வந்து சேர்வதற்குள் அச்சுடரைக் கண்டு பறவை பறந்துவிடும். இதனால் வருந்திய பாதிரியார், தட்டினாலே தீப்பற்றும் இரசாயனத்தைப் பயன்படுத்தி, 1807-இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து செப்புக் கேப்பு பிறந்தது. நம் நாட்டுத் துப்பாக்கிகளிலும் அது நெடுங்காலம் வழங்கியது. அந்தக் கேப்பைத் தோட்டாவின் அடியிலேயே பொருத்திவிட்டால் என்ன என்ற அடுத்த எண்ணமே உலோகத் தோட்டாவின் தோற்றம்.

1866-ஆம் ஆண்டையொட்டி, கடலின் இரு கரையிலும் இருவர் இதற்கு இரு வழி கண்டனர். ஆங்கிலேயரான பாக்சர், பிரைமர்க் குப்பிக்குள்ளேயே தீத்தட்டும் சிறு பட்டடையை வைத்தார். ஆகையால் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை போதும். அமெரிக்கரான பெர்தன், பட்டடையைக் கூட்டின் அடியிலேயே அமைத்தார். அதன் இருபுறமும் இரு சிறு துளைகள். இதில் விந்தை யாதெனில், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. இந்தச் சிறு வேறுபாடுதான் பிற்காலத்தில் ஒரு கைத்தொழில் எங்கே தழைக்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது. நடுவே ஒரே துளையுள்ள பாக்சர் கூட்டில், ஓர் ஊசியை உள்ளே செலுத்தித் தள்ளினால் பழைய பிரைமர் எளிதில் விழுந்துவிடும். பெர்தன் கூட்டில் அவ்வாறு இயலாது. ஆகவே அமெரிக்கன் கூட்டைப் பொறுக்கி வைத்தான். ஐரோப்பியன் பெரும்பாலும் எறிந்தான்.

அமெரிக்கன் பொறுக்கியதற்கு வேறு காரணமும் உண்டு. 1870-களில் மேற்குச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியோர், கடையே இல்லாத வெளியில் பல திங்கள் தங்கினர். ஈயக் கட்டியும், மருந்தும், பிரைமரும் கொண்டு சென்று, இரவில் தீயருகே அமர்ந்து, பகலில் சுட்ட கூடுகளை மறுபடி நிரப்பினர். அந்த வேட்டையால் காட்டெருமை இனமே ஏறக்குறைய அழிந்தது; அதனை நம்பி வாழ்ந்த பழங்குடியினர் பட்டினியில் வீழ்ந்தனர். சிக்கனமான ஒரு கைத்தொழிலின் பிறப்பிடம் இத்தகைய அழிவுக் களம் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

1884-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் கைக்கருவிகள் செய்யத் தொடங்கினார். அதன் உருவத்தைச் சொன்னால் நீங்கள் புன்னகை புரிவீர்கள். நம் பாட்டிமார் கையிலிருந்த பாக்குவெட்டியே அது! இரு பிடிகள், ஒரு கீல். பாக்கு வைக்கும் இடத்தில் பித்தளைக் கூடு. பிடியை அழுத்தினால் பழைய பிரைமர் வெளியேறும், புதியது உட்காரும், குண்டு கழுத்தில் பதியும். 1925-இல் இத்தொழில் லைமன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இந்தியாவிலும், காட்டு முகாம்களில் தங்கிய வெள்ளைத் துரைமார்கள் பன்னிரண்டு போர் துப்பாக்கிக்குரிய காகிதக் கூடுகளை மேசை விளிம்பில் பொருத்திய சிறு கருவியால் நிரப்பி, வாய் மடித்துக்கொண்டதுண்டு.

இதற்கிடையே மருந்தே மாறிவிட்டது. 1884-இல் பிரெஞ்சு இரசாயனர் பால் வியேய் புகை எழாத மருந்தைக் கண்டார். 1889-இல் ஆபெல், தீவார் என்ற இருவரும் கார்டைட் என்னும் கயிறு போன்ற மருந்துக்குக் காப்புரிமை பெற்றனர். அதனை இந்தியாவிலேயே செய்வதற்கென்று 1903-இல் நீலகிரியின் குளிர்ந்த மலைச்சரிவில் அருவங்காடு தொழிற்சாலை நிறுவப்பெற்றது. தமிழ் மண் இவ்வரலாற்றில் நேராக இடம்பெறுவது இங்கேதான்.

புதிய மருந்து புதிய அபாயத்தையும் கொண்டுவந்தது. பழைய கருமருந்து கூட்டை நிறைத்துவிடும். இரண்டாம் முறை கொட்ட இடமே இராது. புகையற்ற மருந்து வலிமை மிக்கது. கூட்டின் ஒரு பகுதியை மட்டுமே அடைத்துக்கொள்வதுண்டு. கவனம் சிதறி இருமுறை கொட்டிவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அங்ஙனம் நிரப்பிய தோட்டா, துப்பாக்கியையே பிளந்து, சுடுபவனின் கையையும் கண்ணையும் பறிக்கும். தொடக்கநிலையில் உள்ளவர் எந்தப் பொறியைத் தேர்வது என்ற வினாவின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. இதனை மனத்தில் வையுங்கள், மீண்டும் வருகிறேன்.

டம்டமின் பெயர் உலக அகராதிகளில் ஏறியதும் இக்காலத்தில்தான். 1895-இல் சித்ரால் எல்லைப் போரில், புதிய சிறு குண்டுகள் எதிரியின் உடலைத் துளைத்துச் சென்றும் அவனை வீழ்த்தவில்லை என்று ஆங்கிலப் படையினர் முறையிட்டனர். டம்டம் தொழிற்சாலையின் பொறுப்பாளர் பெர்ட்டி கிளே, குண்டின் நுனியில் உறையை நீக்கி ஈயம் வெளித் தெரியுமாறு செய்தார். உடலில் பட்டதும் அது விரிந்து, ஆறாத பெரும்புண்ணை உண்டாக்கியது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, போரில் இத்தகைய குண்டைத் தடை செய்தது. அன்று அதை எதிர்த்து நின்றவை பிரிட்டனும் அமெரிக்காவும். பிரிட்டன் 1907-இல்தான் உடன்பட்டது. வங்காளத்து ஊர் ஒன்று, தான் விரும்பாமலே, கொடுமைக்கு ஒரு பெயராயிற்று.

அதே வங்காளத்தின் இளைஞர்கள் தோட்டாவின் அருமையை வேறு வகையில் உணர்ந்தனர். 1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாச் சுங்கச் சாவடியிலிருந்து ரோடா கம்பெனியின் ஆயுதப் பெட்டிகள் மாட்டு வண்டிகளில் ஏற்றப்பட்டன. பெட்டிகள் 202, கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. எஞ்சிய பத்தில் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. கம்பெனியின் ஊழியர் ஒருவரே புரட்சியாளருக்கு உதவி, அவற்றை வழி மாற்றிவிட்டார். மறு ஆண்டு செப்டம்பர் 9 அன்று, பாலசோர் அருகே, பாகா ஜதீன் எனப்பட்ட ஜதீந்திரநாத் முகர்ஜியும் தோழர் நால்வரும் மௌசர் ஏந்திப் போலீஸ் படையை எதிர்த்து நின்றனர். ஜதீன் மறுநாள் உயிர் துறந்தார்.

1930 ஏப்ரல் 18 இரவில் நிகழ்ந்தது இன்னும் துயரமானது. சூர்ய சென்னின் தலைமையில் சிட்டகாங் இளைஞர்கள் இரு படைக்கலக் கொட்டில்களைக் கைப்பற்றினர். துணைப்படையின் கொட்டிலில் ரைபிள்கள் இருந்தன, லூயிஸ் யந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் தோட்டாக்கள் அங்கு அவர்களுக்கு அகப்படவில்லை. அவை வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தன. கையில் வந்த சிறந்த ஆயுதங்கள் வெறும் இரும்பாயின. நான்கு நாளுக்குப் பின் ஜலாலாபாத் குன்றில் நடந்த போரில் பன்னிரு இளைஞர் மாண்டனர். 1857-இல் ஆட்சியாளர் தோட்டாவைக் கொடுத்து இடர்ப்பட்டனர். 1930-இல் அதனைப் பிரித்து வைத்ததால் பிழைத்தனர். துப்பாக்கி ஒருவர் கையிலும், தோட்டா மற்றொருவர் கையிலும் இருந்தால், ஆட்சி இரண்டாமவருடையதே.

இனி அமெரிக்க இளைஞனின் வினாவுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் அங்கும் குண்டுக்குப் பஞ்சம் வந்தது. 1943-இல் கலிஃபோர்னியாவின் ஒரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர், தம் தந்தையின் சலவைச்சாலைப் பின்கட்டில், மீண்டும் நிரப்ப இயலாத சிறு .22 வெற்றுக் கூடுகளையே குண்டுக்கு உறையாக அழுத்திச் செய்யும் அச்சு ஒன்றை ஆக்கினார். அதிலிருந்து ஆர்.சி.பி.எஸ். என்னும் நிறுவனம் வளர்ந்தது. பாக்குவெட்டியின் இடத்தில் மேசையில் திருகிய இரும்பு அழுத்துபொறி வந்தது. அச்சுகளின் மரை முக்கால் அங்குலமும் அரைக்கால் அங்குலமும் சேர்ந்த தடிப்பில், அங்குலத்துக்குப் பதினான்கு சுற்று என்று பொது அளவாயிற்று. எனவே ஒருவர் செய்த அச்சு மற்றொருவர் செய்த பொறியில் பொருந்தும். 1958-இல் ரிச்சர்டு லீ, சுத்தியால் தட்டியே வேலை முடிக்கும் எளிய கருவியொன்றைக் குறைந்த விலையில் அளித்தார்.

இன்று பொறிகள் மூவகை. முதலாவதில் ஒரு நேரத்தில் ஓர் அச்சே நிற்கும். சுடும்போது விரிந்த கூடுகளையெல்லாம் முதலில் பழைய அளவுக்கு ஒடுக்கி, பழைய பிரைமரைத் தள்ளி, பிறகு புதிய பிரைமர், பிறகு தராசில் நிறுத்த மருந்து, பிறகு குண்டு என்று வேலை படிப்படியாக நடக்கும். இரண்டாவதில் அச்சுகள் ஒரு சுழல் தலையில் அமைந்திருக்கும். தலையைச் சுழற்றினால் அடுத்த அச்சு வரும். மூன்றாவதில் கூடுகள் ஒரு வட்டத் தட்டில் நகர, ஒவ்வொரு முறை கைப்பிடியை இழுக்கும்போதும் ஒரு முழுத் தோட்டா விழும்.

விரைவு வேண்டுவோர் மூன்றாவதை நாடுவர். ஆனால் அதில் நான்கு வேலைகள் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. ஒன்றில் பிழை நேர்ந்தால் பழகாத கண் அதைக் காணாது. ஆகவே நான் எழுதியது இதுதான்: “தம்பி, முதல் வகையையே வாங்கு. திறந்த வளைவாக இல்லாமல், நாற்புறமும் மூடிய வார்ப்பிரும்புச் சட்டமாக இருக்கட்டும், அழுத்தும்போது வளையாது. அதனை அசையாத மேசையில் திருகி வை. பொறியில் மிச்சம் பிடித்தாலும் தராசில் மிச்சம் பிடிக்காதே. மருந்தின் அளவை அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடு. நண்பர் வாய்மொழியிலிருந்து எடுக்காதே. மருந்திட்ட கூடுகளை ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்த்த பிறகே குண்டைப் பொருத்து. விரைவு பின்னால் தானே வரும். விரைவுக்காக வாங்கியவனுக்குக் கவனம் பின்னால் வருவதில்லை.”

நம் நாட்டில் இவ்வினா இவ்வாறு எழாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய இனவேறுபாட்டை ஒழித்தது. அதே வேளையில், உரிமம் இன்றித் தோட்டா செய்வதைக் குற்றமாகவே வைத்தது. ஐரோப்பியனுக்கு ஒன்று இந்தியனுக்கு ஒன்று என்றிருந்த நீதி போய், எல்லோர்க்கும் ஒரே விதி ஆயிற்று. அருவங்காடும் கட்கியும் 2021 அக்டோபர் 1 முதல் ம்யூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன.

இன்னும் ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியர் ஒருவர் தனியாக வென்ற முதல் தங்கப் பதக்கம், 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பெற்றது. அவர் ஏந்தியது காற்றுத் துப்பாக்கி. அதில் மருந்தில்லை, பிரைமரில்லை, கூடும் இல்லை. ஒரு சிறு ஈயத் துண்டும், அமைதியான மூச்சும், அசையாத கையுமே இருந்தன. அடுத்த முறை டம்டமில் ரயில் மாறும்போதோ, கட்கிச் சாலையில் செல்லும்போதோ, அருவங்காட்டு நிலையத்தில் மலை ரயில் நிற்கும்போதோ, உங்கள் குழந்தைகளுக்கு இவ்வூர்ப் பெயர்களின் பின்னுள்ள கதையைச் சொல்லுங்கள். டம்டமில் மறுக்கப்பட்ட ஒரு செம்புத் தண்ணீரிலிருந்து அதைத் தொடங்கலாம்.